குரல் எங்கே உடைகிறது? மலையக அலுவலகங்களின் வைஃபை அழைப்புகள்

1977இலும் 1983இலும் வன்செயல்களுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வன்னிக்குப் போன குடும்பங்களின் உறவினர்கள் இன்றும் ஹட்டன், நுவரெலியா தோட்டங்களில் இருக்கிறார்கள். காணிப் பிரச்சினை, பிறப்புச் சான்றிதழ், காணாமலாக்கப்பட்ட பிள்ளை என்று இரு பக்கமும் பேச வேண்டியவை ஏராளம். அவற்றில் பல ஏதாவதொரு அலுவலகத்தின் வைஃபை வழியாகவே பேசப்படுகின்றன. என் நேர்காணல்களும் அப்படித்தான். பிள்ளையின் பெயரையும் திகதியையும் சொல்லும் இடத்தில் குரல் உடைந்தால், இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று ஒரு தாயிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

மலையையும் மூடுபனியையும் குறை சொல்வது வழக்கம். பனி வைஃபையை ஒன்றும் செய்யாது. பழைய கட்டடங்களின் கருங்கற் சுவரும் தகரமும்தான் அதை மறிக்கின்றன.

"ஸ்பீட் நல்லாத்தானே காட்டுது" என்பார்கள். காட்டும். ஆனால் இணைய அழைப்பில் குரல் பெரும்பாலும் 20 மில்லிசெக்கன் துண்டுகளாக, செக்கனுக்கு 50 என்ற கணக்கில் போகிறது. இணையப் பக்கத்தில் தொலைந்த துண்டு திரும்ப வரும்வரை காத்திருக்கலாம், பேச்சில் முடியாது. ஆகவே வேகத்தை விட்டுவிட்டு மூன்றைப் பாருங்கள்: தாமதம், அந்தத் தாமதத்தின் ஏற்ற இறக்கம், தொலையும் துண்டுகள். ஒருவழித் தாமதம் 150 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது என்பது சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இழப்பு 1 சதவீதத்தையும் ஏற்ற இறக்கம் 30 மில்லிசெக்கனையும் தாண்டாமலிருப்பது தொழில்நுட்பவியலாளர்களின் வழக்கமான அளவுகோல்.

முதலில், பழுது உள்ளேயா வெளியேயா என்று பிரித்துக்கொள்ளுங்கள். வைஃபையில் இணைந்த கணினியிலிருந்து ரவுட்டரின் முகவரிக்கு (அடியில் ஒட்டியிருக்கும், பெரும்பாலும் 192.168.1.1) 'பிங்' கட்டளை கொடுங்கள். வின்டோஸில் அது நான்கோடு நின்றுவிடும். தொடர்ந்து ஓட, கடைசியில் சிறுகோட்டுடன் 'டி' எழுத்தைச் சேர்க்க வேண்டும். பதில் சில மில்லிசெக்கனில் சீராக வந்தால் உங்கள் வைஃபை சுகம். நூற்றுக்கணக்கில் துள்ளினால், இடையிடையே பதிலே வராவிட்டால், பழுது கட்டடத்துக்குள்தான்.

உள்ளே என்றால் ரவுட்டரை அலுமாரிக்குள்ளிருந்து வெளியே எடுங்கள். இதைச் சிரிக்காமல் செய்து பாருங்கள். ஹட்டன் நகரக் கடைத்தொகுதி போல நெருக்கமான இடத்தில் பக்கத்துக் கடைகளின் வைஃபையும் மோதும். 2.4 கிகாஹேர்ட்ஸில் 1, 6, 11 ஆகிய சனல்களே ஒன்றோடொன்று மோதாதவை. எது காலியோ அதற்கு மாறுங்கள். ரவுட்டர் அதே அறையில் இருந்தால் 5 கிகாஹேர்ட்ஸ் நல்லது, சுவரைத் தாண்டினால் அது சீக்கிரம் தேயும். மலிவான ரிப்பீட்டர்களை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே திரும்ப அனுப்புவதால் கொள்ளளவு பாதியாகிவிடும். முடிந்தால் கேபிள் இழுத்து இரண்டாவது கருவியைப் பூட்டுங்கள்.

நீங்கள் பேசுவது மட்டும் அவர்களுக்கு உடைந்து கேட்கிறதா? அப்படியானால் பதிவேற்றத்தைச் சந்தேகியுங்கள். யாரோ படங்களை அனுப்பிக்கொண்டிருக்கலாம், சீசீடிவி இணையத்தில் சேமித்துக்கொண்டிருக்கலாம். ரவுட்டரில் குரலுக்கு முன்னுரிமை கொடுக்கும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

ரவுட்டர்வரை சுத்தமாக இருந்து, 8.8.8.8 என்ற வெளி முகவரிக்கு மட்டும் துள்ளினால் சேவை வழங்குநரிடம் போகலாம். "லைன் சரியில்லை" என்று மட்டும் சொன்னால் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார்கள். காலை, மாலை, மழை நேரம் என்று மூன்று நாள் அளவுகளை எழுதிக்கொண்டு போங்கள்.