வேட்டை நாய் வளர்க்கலாம்... வேட்டைக்கு விடலாமா? டெரியர் முதல் சிப்பிப்பாறை வரை: ஏற்காடு தோட்டக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

ஏற்காடு கோடை விழாவில் மலர்க் கண்காட்சிக்கு அடுத்தபடியாகக் கூட்டம் சேரும் இடம் நாய் கண்காட்சிதான். அங்கே நாட்டு நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் பெரும்பாலும் ஒரே வார்த்தைதான் வரும்: "இது வேட்டை நாய் சார்."

அந்த வார்த்தையில் பெருமை இருக்கிறது. சிக்கலும் இருக்கிறது. சேர்வராயன் மலையில் காபி, மிளகுத் தோட்டங்களும் காப்புக்காடும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. தோட்டத்து நாய் வேலியைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் காடு. அது முயலையோ காட்டுப்பன்றியையோ விரட்டினால் வழக்கு யார் மீது பாயும்? வேட்டைக்கென்றே உருவாக்கப்பட்ட நாயை வேட்டை இல்லாமல் வளர்க்க முடியுமா? இதைப் புரிந்துகொள்ள, உலகத்தின் மிகப் பிரபலமான வேட்டை நாய் குடும்பமான டெரியரிலிருந்து தொடங்கலாம்.

டெரியர் என்றால் என்ன?

பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டில் கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்குமே, ஒரு வெள்ளை நாய்? அதன் பெயர் நிப்பர். அது டெரியர் கலப்பு. டின்டின் படக்கதையில் கூடவே ஓடும் நாயும் டெரியர்தான்.

'டெர்ரா' என்றால் லத்தீனில் மண். மண்ணுக்குள் போகிற நாய் என்பதால் டெரியர். இங்கிலாந்தில் குதிரையில் ஏறி, பெரிய வேட்டை நாய்க் கூட்டத்தோடு நரியைத் துரத்துவார்கள். நரி வளைக்குள் புகுந்துவிட்டால் பெரிய நாய்களால் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது உள்ளே அனுப்பப்படும் சின்ன நாய்தான் இது.

உள்ளே போய் நரியைக் கடித்துக் கொல்வதுதான் இதன் வேலை என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நல்ல டெரியர் நரிக்கு எதிரே நின்று விடாமல் குரைக்கும். அந்தச் சத்தத்தை வைத்து மேலே இருப்பவர்கள் இடத்தைக் கண்டுபிடித்து மண்வெட்டியால் தோண்டுவார்கள், அல்லது நரியே வெளியே ஓடிவரும். உள்ளே போய் சண்டை போடுகிற நாய் முகம் கிழிந்து திரும்பும், சில சமயம் திரும்பாது. எனவே வேலைக்காரர்கள் தேர்ந்தெடுத்தது துணிச்சலும் நிதானமும் சேர்ந்த நாயைத்தான். இப்போது கழுத்துப் பட்டையில் ரேடியோ கருவி பொருத்தி, மண்ணுக்கு அடியில் நாய் எங்கே நிற்கிறது என்று பார்க்கிறார்கள்.

பாதிரியார் வாங்கிய நாய்

ஜாக் ரஸ்ஸல் டெரியர் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜான் ரஸ்ஸல் (1795-1883) இங்கிலாந்தின் டெவன் பகுதியில் பாதிரியாராக இருந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்தபோது, 1819-ல், ஒரு பால்காரரிடமிருந்து 'டிரம்ப்' என்ற பெட்டை நாயை வாங்கினார். அதிலிருந்து வந்த வம்சம்தான் இது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

உடம்பில் பெரும்பகுதி வெள்ளையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. மண் பூசிக்கொண்டு வளையிலிருந்து வெளியே வரும்போது, செம்பழுப்பு நரி எது, நாய் எது என்று சட்டென்று தெரியவேண்டும். மார்பு அளவும் முக்கியம். முன்னங்கால்களுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் விரல்கள் தொட்டுக்கொள்ள வேண்டும். அதைவிடப் பெரிய மார்பு நரி வளையில் சிக்கிக்கொள்ளும். குட்டியின் தரத்தைப் பார்க்க இன்றும் இப்படிக் கையால் பிடித்துப் பார்க்கிறார்கள்.

இந்த இனத்தை வளர்ப்பவர்களுக்குள் ஒரு பெரிய சண்டையும் நடந்தது. 1970-களில் தொடங்கப்பட்ட ஜாக் ரஸ்ஸல் டெரியர் கிளப் ஆஃப் கிரேட் பிரிட்டன், கென்னல் கிளப் அங்கீகாரமே வேண்டாம் என்று எதிர்த்து நின்றது. கண்காட்சி மேடைக்காக வளர்க்க ஆரம்பித்தால் நிறமும் உயரமும் மட்டும்தான் மிஞ்சும், வேலைத்திறன் போய்விடும் என்பது அவர்கள் வாதம். ஆனாலும் 'பார்சன் ஜாக் ரஸ்ஸல்' என்ற பெயரில் 1990-ல் அங்கீகாரம் வந்துவிட்டது. வாதம் தவறு என்று சொல்ல முடியவில்லை. நம்ம ஊர் ராஜபாளையத்துக்கு நடந்ததைப் பார்த்தாலே புரியும்.

நம்ம ஊர் வேட்டை நாய்கள் வேறு ரகம்

தமிழ்நாட்டில் வளைக்குள் போகும் நாய் இனம் உருவாகவில்லை. தென்மாவட்டங்களின் கரிசல் காடு திறந்த வெளி. அங்கே முயலைக் கண்ணால் பார்த்து ஓடிப் பிடிக்கிற நாய்தான் தேவைப்பட்டது. சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் அந்த வகை: ஒல்லி உடம்பு, ஆழமான மார்பு, நீளக் கால். கோம்பை, தேனி மாவட்டத்துக்காரன். கனமான தாடை, செவலை உடம்பு, கருத்த வாய். காட்டுப்பன்றியை மடக்கி நிற்க ஏற்ற கட்டு. ராஜபாளையமும் பன்றி வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டதுதான்.

ராஜபாளையத்துக்கு மதிப்புக் கூடியது வெள்ளை உடம்புக்கும் ரோஜா நிற மூக்குக்கும். அஞ்சல் துறை 2005-ல் வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் இதுவும் ஒன்று. ஆனால் நாய்களில் நிறமிகள் குறைவதற்கும் பிறவிச் செவிடுக்கும் தொடர்பு உண்டு. ஜாக் ரஸ்ஸல், டால்மேஷன் போன்ற வெள்ளை நிற இனங்களிலும் இதே பிரச்னை இருக்கிறது. சுத்த வெள்ளைக் குட்டிக்குத்தான் விலை என்று அதையே திரும்பத் திரும்ப இணை சேர்த்தால், கூப்பிட்டால் காது கேட்காத காவல் நாய்தான் கிடைக்கும்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் ஹவுண்ட் ஆகிய மூன்றும்தான் மத்திய அரசின் கால்நடை மரபு வள அமைப்பில் முதலில் பதிவான நாய் இனங்கள். 2020 ஆகஸ்ட் 'மன் கி பாத்' உரையில் பிரதமர் மோடி இவற்றோடு கன்னி, கோம்பையையும் குறிப்பிட்ட பிறகு தேவை கூடியது. தேவை கூடினால் அவசர இனப்பெருக்கமும் கூடும். அது வேறு கதை.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ன் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் முதலில் வேட்டையை முழுமையாகத் தடை செய்யவில்லை. உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவை மூடியது.

பலர் கவனிக்காத விஷயம் 'வேட்டை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கம். கொல்வது மட்டும் வேட்டை இல்லை. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து ஈர்ப்பது எல்லாமே வேட்டைதான். நாயை விட்டுத் துரத்த வைப்பதற்கென்று ஆங்கிலத்தில் இருக்கும் தனிச் சொல்லும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. இவற்றைச் செய்ய முயற்சி செய்தாலே குற்றம். அதாவது, நாயை அவிழ்த்து முயல் மீது ஏவிவிட்டு, முயல் தப்பித்து ஓடிவிட்டாலும் நீங்கள் வேட்டையாடியவர்தான்.

"அது பாட்டுக்கு ஓடிருச்சு, நான் விடல" என்று சொல்லலாமே? சொல்லலாம். ஆனால் கையில் டார்ச், கூட நாலு பேர், ராத்திரி நேரம், காப்புக்காட்டு எல்லை என்று சூழ்நிலை இருந்தால் அந்த வாதம் எடுபடுவது கஷ்டம். 2022-ல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் விதிப்படி, பொதுவான குற்றத்துக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். காட்டெருமை, எறும்புத்தின்னி, சிறுத்தை போன்ற முதல் அட்டவணை விலங்கு என்றால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25 ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. குற்றத்துக்குப் பயன்படுத்திய வண்டியும் ஆயுதமும் அரசுடைமையாகும்.

மலைவாழ் மக்களுக்குப் பாரம்பரிய உரிமை இல்லையா? 2006 வன உரிமைச் சட்டம் காட்டு விளைபொருள் சேகரிப்பு உட்படப் பல உரிமைகளைத் தருகிறது. ஆனால் வேட்டையாடுவதையும் பொறி வைப்பதையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கிறது. பொங்கலை ஒட்டி முயல் வேட்டைக்குப் போகிறவர்களை வனத்துறை ஆண்டுதோறும் எச்சரிப்பதும் இதனால்தான். சேர்வராயன் மலைக்குக் கீழே வாழப்பாடி வட்டாரத்தில் வலை வைத்து நரியைப் பிடித்து ஊருக்குள் ஓடவிடும் 'வங்காநரி ஜல்லிக்கட்டு' இருக்கிறதே, நரி முகத்தில் விழித்தால் நல்லது என்ற நம்பிக்கை அது. நாய் இல்லை, கொலையும் இல்லை. ஆனாலும் பிடிப்பதே குற்றம் என்பதால் வனத்துறை அபராதம் போடுகிறது.

இங்கிலாந்திலேயே நிலைமை மாறிவிட்டது. 2004-ல் இயற்றப்பட்டு 2005 பிப்ரவரி 18 முதல் அமலான வேட்டைச் சட்டம், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்துக் காட்டுப் பாலூட்டிகளை வேட்டையாடுவதைத் தடை செய்தது. டெரியருக்கு ஒரு சின்ன விலக்கு மட்டும் உண்டு. சுடுவதற்காக வளர்க்கும் பறவைகளைக் காப்பாற்ற, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நாயை மண்ணுக்கடியில் அனுப்பலாம். அதற்கும் நில உரிமைக்கான எழுத்து ஆவணம் கையில் இருக்கவேண்டும்.

காட்டுப்பன்றி தொல்லைக்கு என்ன செய்வது?

தோட்டக்காரர்களின் நிஜமான கேள்வி இதுதான். கிழங்கையும் சோளத்தையும் ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும் பன்றியிடம் சட்டப் பிரிவு பேசி என்ன பயன் என்ற கோபம் நியாயமானது.

தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் இதற்கு ஒரு ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். மூன்றிலும் விவசாயி தானாக நாயை ஏவ இடமில்லை. ஏற்காட்டில் பல தோட்டங்கள் காட்டை ஒட்டியே இருப்பதால், சுடும் அனுமதி அவர்களுக்கு எட்டாது என்பதுதான் நிலவரம். வனச்சரக அலுவலகத்தில் புகார், பயிர்ச் சேதத்துக்கு நிவாரண மனு, நல்ல வேலி. வழிகள் இவ்வளவுதான். போதுமா என்றால், போதாது என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் நாய் இதற்குப் பதில் இல்லை. மடக்கப்பட்ட ஆண் பன்றியின் கோரைப்பல் ஒரே இழுப்பில் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும்.

டெரியரை இந்த மலைக்குக் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், வீட்டு நாயாக. ஆனால் அதன் சுபாவத்தைப் புரிந்துகொண்டு வாங்குங்கள். பொந்தைப் பார்த்தால் தலையை விடாமல் அதற்கு இருப்புக் கொள்ளாது. இங்கே பொந்துக்குள் இருப்பது இங்கிலாந்து நரி இல்லை. முள்ளம்பன்றி இருக்கலாம், நல்லபாம்பு இருக்கலாம், உடும்பு இருக்கலாம். முள்ளம்பன்றி முள் தொண்டையிலும் மார்பிலும் ஏறினால் அறுவை சிகிச்சைதான். சுற்றித் திரியும் சின்ன நாய் சிறுத்தைக்கு எளிதான இரை என்பதையும் மறக்கக்கூடாது.

ஆபத்து எதிர்த்திசையிலும் உண்டு. தடுப்பூசி போடாத நாயிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பரும் நரி, செந்நாய் போன்ற காட்டு இனங்களுக்குப் போகும். மலையில் உண்ணி அதிகம். உண்ணியால் வரும் ரத்த நோய்களுக்குத் தனியாக மருந்து வைக்க வேண்டும்.

வேலை கொடுக்க ஆசையா? குடோனில் எலி, பெருச்சாளி பிடிப்பது டெரியரின் பழைய தொழில்களில் ஒன்று. வீட்டு எலி பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இல்லை. ஆனால் எலி விஷம் வைத்த குடோனில் நாயை விடாதீர்கள், விஷம் தின்ற எலியைக் கடித்தாலும் பாதிக்கும். எலிக் காய்ச்சலுக்கான தடுப்பூசியும் கட்டாயம்.

பந்தாகச் சுருட்டிய துணியை மண்ணில் புதைத்துத் தேடச் சொல்லலாம். ஓடுகிற இனத்துக்கு, வேலி போட்ட மைதானத்தில் பொம்மை முயலை இழுத்துத் துரத்த விடலாம். உயிருள்ள முயலைக் கட்டி வைத்து விரட்ட வைத்தால் மிருகவதைத் தடுப்புச் சட்டத்திலும் சிக்குவீர்கள். தெற்கு ஜார்ஜியா என்ற அன்டார்க்டிக் பக்கத்துத் தீவில், கடல்பறவைகளைத் தின்று தீர்த்த எலிகளை ஒழித்தபின், ஒரு எலியாவது மிச்சமிருக்கிறதா என்று மோப்பம் பிடித்துச் சொன்னவை டெரியர் நாய்கள். 2018-ல் அந்தத் தீவு எலியற்றது என அறிவிக்கப்பட்டது. மூக்கும் பிடிவாதமும் அதேதான், வேலை மட்டும் வேறு.

குட்டி வாங்கும்போது எதைக் கேட்கவேண்டும்?

நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனைக்கான 2017 விதிகளின்படி, வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். எனவே முதல் கேள்வி பதிவு எண். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது. பெட்டைக்கு 18 மாதம் நிரம்புவதற்கு முன் இணை சேர்க்கக் கூடாது. 12 மாதத்தில் ஒரு ஈத்துதான், வாழ்நாளில் ஐந்துக்கு மேல் கூடாது.

தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடலாம். வெள்ளைக் குட்டி என்றால் அதற்குத் தெரியாமல் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். மற்ற குட்டிகள் திரும்பி அது மட்டும் திரும்பாவிட்டால், விலை குறைவு என்று ஏமாறவேண்டாம். ஒற்றைக் காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடும் என்பதால், கால்நடை மருத்துவரிடமும் ஒருமுறை காட்டுவது நல்லது. "அப்பன் பன்றி அடிச்ச நாய்" என்று யாராவது விலையை ஏற்றினால், அவர் தன் மீதே ஒரு வனக்குற்றத்தை ஒப்புக்கொள்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பாருங்கள். பேரம் சீக்கிரம் படியும்.