சட்டாம்பிள்ளையின் கையில் பிரம்பு

ஆனைமலை அடங்கிய கோயமுத்தூர் மாவட்டத்தில் 763 பள்ளிகள் இருந்தன. 1822-இல் கவர்னர் மன்றோ எடுக்கப் பணித்த கணக்கு அப்படித்தான் கூறுகிறது. பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பலர். எனவே மூத்த மாணவன் சட்டாம்பிள்ளை ஆனான். இளையவன் விரலைப் பிடித்து மணலில் எழுத்தை வரையச் செய்தவன் அவன். பாடம் ஒப்பிக்கக் கேட்டவனும் அவனே. நல்ல முறைதான். ஆனால் கற்றுக்கொடுத்த கைக்கே பிரம்பையும் கொடுத்தார்கள்! தோழன் காவலனானான்.

அந்த மணலெழுத்தைக் கண்டு வியந்தார் ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். 1789-இல் சென்னை எழும்பூரில், வெள்ளைச் சிப்பாய்களுக்கும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்த ஆண்பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை ஏற்றவர் அவர். தாய்வழியைக் காட்டி, 'இவர்களுக்கு அறிவேது?' என்று இழித்துரைத்த காலம். மணலில் எழுதப் பழக்கச் சொன்னார். முடியாது என்றார் உதவி ஆசிரியர். எட்டு வயதுச் சிறுவன் ஜான் பிரிஸ்கனிடம் வகுப்பை ஒப்படைத்தார் பெல். பிள்ளைகள் கற்றனர்! பிறப்பா அறிவைத் தீர்மானிப்பது? சிப்பாய் மகனொருவன் அன்றே விடை சொல்லிவிட்டான்.

பின்னர் வகுப்புதோறும் மாணவரை இருவர் இருவராகப் பிணைத்தார் பெல். வல்லவன் மெலிந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டும். ஒழுக்கத்திலும் அவர் பிரம்பை முதலில் நாடவில்லை. தவறுகள் கறுப்பேட்டில் பதிவாயின. வார இறுதியில் மாணவர் குழுவே அவற்றை விசாரித்தது. சட்டாம்பிள்ளையிடம் இல்லாத ஒன்று இது: குற்றஞ்சாட்டப்பட்டவனின் தோழர்களே கூடி அவன் வழக்கைக் கேட்பது.

1797-இல் பெல் இதை இலண்டனில் நூலாக்கினார். 'மதராஸ் முறை' இங்கிலாந்தெங்கும் பரவியது. இந்தியாவிலிருந்து பெற்ற முறையே இது என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களே 1814-இல் எழுதினர். பெருமைப்படலாம், சற்றுப் பொறுங்கள். ஏழைகளுக்கு அளவுக்கு மீறிக் கல்வி கொடுத்தால் உழைக்க வேண்டியவர்கள் உயர நினைப்பார்கள் என்று அஞ்சியவரும் இதே பெல்தான்! பிரிஸ்கனைக் கண்ட கண்களுக்கு இலண்டன் ஏழை மட்டும் வேறாகத் தெரிந்தான் போலும்.

நம் திண்ணைக்கு வருவோம். பெல் தந்த அளவுகூட இங்கே கிட்டாத பிள்ளைகள் எத்தனை பேர்! தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்டோரின் பிள்ளை திண்ணையில் ஏறக்கூடாது. ஆனைமலைக் காடர், மலசர் குழந்தைகளுக்கோ அது எட்டாத தொலைவு. உடன் அமர்ந்தவனுக்குத்தான் உதவ முடியும். அமரவே விடாதவனுக்கு எந்தச் சட்டாம்பிள்ளை விரல் பிடித்தான்?