நிறுத்தற் கட்டளையும் அவகாசமும்

ஒரகடத்தில் உதிரிபாகம் செய்யும் ஆலையொன்றில் நம்மிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் கணினிப் பிரிவில் வேலை பார்க்கிறார். தமிழ் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்க வேண்டாம். ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எதைப் படித்தாலும் கடைசியில் ஏதோ ஓர் ஆலையின் வாயிலில்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு ஓர் இரவுப் பணியில் அவர் திரையில் இரண்டு கறுப்புச் சாளரங்கள் திறந்திருந்தன. ஒன்று மேசையிலிருந்த சோதனைக் கணினி. மற்றது உற்பத்தி வரிசைக்குப் பார்கோடு அச்சிட்டுக் கொடுக்கும் சர்வர். சோதனைக் கணினியை மறுதொடக்கம் செய்ய எண்ணிக் கட்டளையை அடித்தார். அடித்த இடம் மற்ற சாளரம். இருபது நிமிடம் வரிசை நின்றது. "ஒரே ஒரு வரிதான் ஐயா அடிச்சேன். நாப்பது பேர் கையக் கட்டிக்கிட்டு என்னையே பாத்தாங்க" என்றார்.

அந்த ஒரு வரியின் வரலாற்றைத் தேடிப் போனதன் விளைவு இக்கட்டுரை.

விளக்கையும் மின்விசிறியையும் நிறுத்துவதுபோல் கணினியை ஏன் நிறுத்த இயலாது? 1970களின் யூனிக்ஸ் இயங்குதளத்தில் இதற்கு விடை இருக்கிறது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் பெல் ஆய்வகத்தில் உருவாக்கிய அந்த அமைப்பு, எழுதச் சொன்னதை உடனே வட்டில் எழுதுவதில்லை. வட்டு மெதுவானது, ஆகவே செய்தியை நினைவகத்தில் வைத்திருந்து, பிறகு சேர்த்து எழுதும். முப்பது நொடிக்கு ஒருமுறை இதைச் செய்வதற்கென்றே ஒரு சிறு நிரல் பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தது. இடையில் மின்சாரம் போனால் எழுதியதாக நாம் நம்பிய ஒன்று எழுதப்படாமலே போய்விடும். எனவே அக்காலத்து நிர்வாகிகள் நிறுத்துவதற்கு முன் 'சிங்க்' என்ற கட்டளையை மூன்று தனித்தனி வரிகளாக அடிப்பார்கள். மூன்று முறை என்பதில் மந்திரம் ஏதுமில்லை. இரண்டாவதையும் மூன்றாவதையும் அடித்து முடிப்பதற்குள் முதலாவது தன் வேலையை முடித்திருக்கும், அவ்வளவே. பின்னால் வந்தவர்கள் காரணத்தை மறந்து மூன்றை ஒரே வரியில் அடிக்கத் தொடங்கினார்கள். சடங்குகள் பிறக்கும் விதம் எங்கும் ஒன்றுதான் போலும்.

அன்றைய கணினி ஒருவருக்கு மட்டும் உரியதன்று என்பதும் நினைவில் கொள்ளத் தக்கது. ஓர் இயந்திரத்தில் பல முனையங்கள், ஒவ்வொன்றிலும் ஒருவர். ஒருவர் நிறுத்தினால் அனைவர் வேலையும் நிற்கும். 1980இல் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தார் வெளியிட்ட யூனிக்ஸ் பதிப்பில் 'ஷட்டவுன்' கட்டளை இடம்பெற்றது. அதன் நடைமுறையைப் படிக்கும்போது நமக்கு வியப்பே மேலிட்டது. நிறுத்தும் நேரத்தை முன்கூட்டியே குறிக்கலாம். பத்து மணி நேரத்திற்கு முன்பிருந்தே எல்லா முனையங்களுக்கும் எச்சரிக்கை போகும்; நேரம் நெருங்க நெருங்க எச்சரிக்கைகளின் இடைவெளி குறையும். கடைசி ஐந்து நிமிடத்தில் புதிதாக யாரும் உள்ளே நுழைய முடியாது. அந்த இறுதி நேரத்தைக் குறிக்க அதன் கையேடு, ஊழிக்காலம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லைக் கையாளுகிறது. நிரல் எழுதுவோரின் குறும்பு! இன்றைய லினக்ஸும் இம்மரபில் வந்ததுதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களுக்கு முதலில் 15ஆம் எண் குறிப்பு போகும்: முடித்துக்கொள் என்பது அதன் பொருள். சற்றுப் பொறுத்தும் முடிக்காதவற்றுக்கு 9ஆம் எண். அதை எந்த நிரலும் மறுக்க முடியாது.

தனிநபர் கணினியில் இந்தப் பண்பாடு நெடுநாள் இல்லை. எம்எஸ் டாஸில் நிறுத்தற் கட்டளை என்று ஒன்றும் கிடையாது. பொத்தானை அமுக்க வேண்டியதுதான். விண்டோஸ் 95 வந்த பிறகும், இனிமேல் அணைக்கலாம் என்று செம்மஞ்சள் எழுத்தில் திரை அனுமதி தரும். அணைப்பது நம் விரல். மென்பொருளே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஏற்பாடு, 1996இல் இன்டெல், மைக்ரோசாஃப்ட், டோஷிபா ஆகியவை வெளியிட்ட தரநிலைக்குப் பிறகே பரவலாயிற்று. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் 'ஷட்டவுன்' கட்டளை உடன்வந்தது.

அக்கட்டளை தமிழ்நாட்டுத் தெருக்களுக்கு வந்து சேர்ந்தது 2003 ஆகஸ்டில், பிளாஸ்டர் என்னும் புழுநிரலின் தயவால். காஞ்சிபுரத்து பிரவுசிங் சென்டர் ஒன்றில் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தோம். அறுபது நொடியில் கணினி நின்றுவிடும் என்றொரு பெட்டி திரையில் தோன்றி, எண்கள் இறங்கத் தொடங்கின. கடைப் பையன் ஓடிவந்து கறுப்புச் சாளரத்தைத் திறந்து 'ஷட்டவுன்' என்று அடித்து, ஒரு சிறுகோடும் ஏ என்ற எழுத்தும் சேர்த்தான். எண்கள் நின்றன. கைவிடு என்பதன் முதலெழுத்தாம் அது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் அவன்; அன்று நம் மூன்றாம் இயலைக் காத்தவன்.

இத்தகைய சுருக்க எழுத்துகளைப் பார்க்கையில் நன்னூலார் வகுத்த தகுதி வழக்கு நினைவுக்கு வருகிறது. கட்டளைகள் குழூஉக்குறி, அதில் ஐயமில்லை. நிறுத்தலைக் குறிக்கும் சொல்லோ மங்கலத்தைச் சேர்ந்தது. விளக்கை அணை என்று சொல்லாமல் குளிரவை என்றும் அமர்த்து என்றும் சொல்லும் வீடுகள் நம்மிடையே இருந்தன. கணினித் தமிழில் 'அணை' என்பதே நிலைத்துவிட்டது. 'அமர்த்து' எனலாமே என்று தோன்றுகிறது. யூனிக்ஸின் அவகாசம் அச்சொல்லில் இருக்கிறது. கலைச்சொல் அறிஞர்கள் சினம் கொள்ள வேண்டாம்.

இவ்வட்டாரத்தில் நிறுத்தம் என்ற சொல்லைக் கேட்டால் யாருக்கும் கணினி நினைவுக்கு வராது. 2006 ஜனவரியில் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ 8,000 பேர் நேரடியாக வேலை பார்த்தார்கள், பெண்கள் பெருந்தொகையினர். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்குவதாக 2013 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. வரி வழக்கில் ஆலைச் சொத்து முடக்கப்பட்டிருந்ததால், 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது இந்த ஆலை கைமாறவில்லை. ஒப்பந்த அடிப்படையில் சில மாதங்கள் ஓடியது. விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, ஆயிரக்கணக்கானோர் வெளியேறினர். ஒப்பந்தத்தை மைக்ரோசாஃப்ட் முடித்துக்கொள்ளவே, 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. நோக்கியாவை நம்பியிருந்த ஃபாக்ஸ்கானும் அவ்வாண்டு டிசம்பரில் இங்கே நிறுத்தியது. எச்சரிக்கை இருந்தது என்று வாதிடலாம்தான். ஆனால் எட்டாண்டு ஒரே வரிசையில் நின்று பழகிய கைக்கு அந்த எச்சரிக்கை எதைச் சேமித்துவைக்க அவகாசம் தந்தது என்று கேட்டால் நமக்கு விடை தெரியவில்லை. அந்த வளாகத்தை சால்காம்ப் நிறுவனம் வாங்குகிறது என்ற செய்தி 2019 நவம்பரில்தான் வந்தது. ஐந்தாண்டு. மறுதொடக்கத்திற்கு இவ்வளவு நேரம் எடுக்கும் கணினியை யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

நம் மாணவரின் தவறுக்கு மருந்து முன்பே இருந்ததை அவர் பின்னர் கண்டுபிடித்தார். டெபியன் லினக்ஸில் 'மாலி கார்டு' என்றொரு சிறு நிரல் உண்டு. நிரலாளர் ஒருவரின் கைக்குழந்தை மாலி, ஐபிஎம் 4341 இயந்திரத்தின் பெரிய சிவப்பு விசையை ஒரே நாளில் இருமுறை தட்டிவிட்டாளாம்; அதன்மேல் போட்ட கண்ணாடிபோன்ற மூடிக்கு அவள் பெயரே வந்தது. தொலைவிலிருந்து நிறுத்தற் கட்டளை இட்டால் இந்நிரல் மறித்து, நிறுத்தப்போகும் கணினியின் பெயர் என்ன என்று கேட்கும். சரியாக அடித்தால்தான் நிறுத்தும்.

அதற்காகவே அவர் தம் சர்வர்களுக்கு எண்களை எடுத்துவிட்டு ஊர்ப்பெயர்களை வைத்திருக்கிறார்: வல்லம், மாத்தூர், பண்ருட்டி. பார்கோடு அச்சிடுவது வல்லம். அவருடைய தாத்தாவின் நிலம் அவ்வூரில் இருந்தது. இப்போது அங்கே தொழிற்பேட்டை. இரவுப் பணியில் அதை மறுதொடக்கம் செய்யும்போதெல்லாம் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டியிருக்கிறது என்கிறார்.