இரண்டு ஓட்டங்களுக்கு இடையில்: நெடுந்தொலைவு ஓட்டத்தில் மீட்சியின் வரலாறு

நெடுந்தொலைவு ஓட்டப் போட்டி ஒன்றை முடித்தவர் ஓரிரு வாரங்களில் அடுத்த போட்டியிலும் ஓட வேண்டியிருந்தால், இடைப்பட்ட நாள்களில் என்ன செய்ய வேண்டும்? உடல் தளர்ந்துவிடக் கூடாது என்று பயிற்சியைக் கூட்டுவதா, பயிற்சியைக் குறைத்து உடலைத் தேறவிடுவதா? ஓட்டப் பயிற்சியின் வரலாற்றில் இது பழைய கேள்வி. சென்னையின் தென்புறநகர்களான பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர் பகுதிகளில் அதிகாலையில் ஓடுபவர்களுக்கோ ஆண்டுதோறும் ஜனவரியில் எழும் கேள்வி. சென்னை மாரத்தானும் மும்பை மாரத்தானும் ஒரே மாதத்தில், பெரும்பாலும் இரண்டு வார இடைவெளியில் நடைபெறுவதே காரணம். ஓய்வைச் சோம்பலாகப் பார்த்த காலத்திலிருந்து, ஓய்வும் பயிற்சியின் ஒரு பகுதியே என்ற நிலைக்கு விளையாட்டுலகம் வந்த வழியையும், அது இன்றைய ஓட்டக்காரருக்குச் சொல்வதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

ஓய்வை மருந்தாக்கிய ஊர்

தாம்பரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் இடையில் உள்ள ரயில் நிலையத்தின் பெயர் தாம்பரம் சானடோரியம். மருத்துவர் டேவிட் சௌரிமுத்து 1928-இல் அங்கே நிறுவிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுப் பகுதியில் சானடோரியம் நடத்தி அனுபவம் பெற்றவர் அவர். கணிதமேதை இராமானுஜன் நோயுற்றிருந்தபோது அங்கே சில காலம் சிகிச்சை பெற்றார். தாம்பரம் மருத்துவமனையை 1937-இல் அரசு ஏற்றுக்கொண்டது.

காசநோய்க்கு மருந்து கண்டுபிடிக்கப்படாத காலம் அது. தூய காற்று, நல்ல உணவு, ஓய்வு ஆகியவையே சிகிச்சை. ஆனால் எப்போதும் படுத்திருப்பது மட்டும் சிகிச்சையன்று. இங்கிலாந்தின் ஃபிரிம்லி சானடோரியத்தில் மார்கஸ் பேட்டர்சன் என்ற மருத்துவர் 1905 முதல் ஒரு முறையைக் கையாண்டார். நோயாளி முதலில் ஓய்வெடுப்பார். பிறகு சிறிது தொலைவு நடப்பார். காய்ச்சல் திரும்பவில்லை என்றால் தொலைவு கூட்டப்படும். திரும்பினால் மீண்டும் ஓய்வு. அடுத்த படியை நாள்காட்டி தீர்மானிக்கவில்லை, உடல் காட்டிய அறிகுறி தீர்மானித்தது. ஓட்டப் பயிற்சி இந்தச் சிகிச்சையிலிருந்து பிறந்ததன்று. ஆயினும் அதே பாடத்தைக் கற்க ஓட்டக்காரர்களுக்கு மேலும் பல பத்தாண்டுகள் தேவைப்பட்டன.

ஹெல்சிங்கி, 1952

அடுத்தடுத்து ஓடியவர்களில் முதலில் நினைவுக்கு வருபவர் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் சாட்டோபெக். 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஜூலை 20 அன்று 10,000 மீட்டர், ஜூலை 24 அன்று 5,000 மீட்டர், ஜூலை 27 அன்று மாரத்தான் என எட்டு நாள்களில் மூன்று தங்கப் பதக்கங்களை வென்றார். இடையே ஜூலை 22 அன்று 5,000 மீட்டர் தகுதிச் சுற்றிலும் ஓடினார். அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே இல்லை. 2 மணி 23 நிமிடம் 3 விநாடியில் அதை முடித்தார்.

இந்த வெற்றியைக் கடும் உழைப்பின் சான்றாகவே பலரும் எடுத்துக்கொண்டனர். சாட்டோபெக்கின் பயிற்சி கடுமையானது என்பதும் உண்மையே. ஆனால் போட்டிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். மாரத்தானுக்கு முன் அவர் போட்டியில் ஓடிய மொத்தத் தொலைவு 20 கிலோமீட்டர். அதுவும் மூன்று நாள்களில் பிரித்து, தடகளப் பாதையில் ஓடியது. உடலை அதிகம் சிதைக்கும் 42.195 கிலோமீட்டர் கடைசியில் வந்தது. அதன் பின் அவர் ஓட வேண்டிய போட்டி எதுவும் இல்லை. முதல் நாளே மாரத்தான் நடந்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கக்கூடும்.

தசைக்குள் நடப்பது

ஓடிய மறுநாள் வரும் தசைவலிக்கு லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. இன்றும் பலர் அப்படிச் சொல்வதைக் கேட்கலாம். ஆனால் ஓட்டம் நின்ற ஓரிரு மணி நேரத்திலேயே இரத்தத்தில் அதன் அளவு இயல்புக்குத் திரும்பிவிடும். அமெரிக்க உடலியலாளர் தியோடர் ஹஃப் 1902-லேயே, தாமதமாக வரும் வலிக்குத் தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசல்கள் காரணமாகலாம் என்று எழுதினார்.

1966-இல் சுவீடனின் யோனாஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் ஆகிய இருவரும் தங்கள் உடலிலேயே ஓர் ஆய்வு செய்தனர். ஒற்றைக் காலால் மட்டும் மிதிவண்டி மிதித்து அந்தக் காலின் சேமிப்புச் சர்க்கரையான கிளைகோஜனைத் தீர்த்தனர். பிறகு மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தனர். உழைத்த காலில் கிளைகோஜன் மற்றக் காலைவிட ஏறத்தாழ இரு மடங்காகச் சேர்ந்திருந்தது. போட்டிக்குப் பின் சோறும் இட்லியும் நிறைவாக உண்பது ஏன் தேவை என்பதற்கு இதில் விடை உண்டு.

எரிபொருள் நிரம்புவது ஒன்று, இயந்திரம் பழுது நீங்குவது மற்றொன்று. 1983-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, மாரத்தான் ஓடியவர்களின் கெண்டைக்கால் தசைத் துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தது. தசை நார்கள் சிதைந்திருந்தன. ஒரு வாரத்துக்குப் பிறகும் பழுது முற்றிலும் நீங்கவில்லை. போட்டிக்கு முன் எடுத்த துணுக்குகளில்கூட, கடும் பயிற்சியால் வந்த சிதைவு ஓரளவு இருந்தது.

அடுத்த ஆண்டில் டேவிட் காஸ்டில் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இந்தக் கட்டுரையின் கேள்விக்கு நேரடியான விடை தந்தது. மாரத்தான் ஓடியவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த ஒரு வாரம் முழு ஓய்வெடுத்தனர். மற்றவர்கள் இலேசாக ஓடினர். கால் தசையின் வலிமை ஓய்வெடுத்தவர்களுக்கே விரைவாகத் திரும்பியது.

இந்தச் சிதைவை அறிய ஆய்வகம் தேவையில்லை. மாரத்தானுக்கு மறுநாள் தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கினால் போதும். ஏறுவதைவிட இறங்குவதே அதிகம் வலிக்கும். இறங்கும்போது தொடையின் முன்தசை, எடையைத் தாங்கிக்கொண்டே நீள வேண்டியிருக்கிறது. நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஒவ்வோர் அடியும் தரையில் விழும்போது நடப்பதும் இதுவே.

ஃபாஸ்டரின் கணக்கும் கவாவுச்சியின் விலக்கும்

நியூசிலாந்தின் ஜாக் ஃபாஸ்டர் 32 வயதில் ஓடத் தொடங்கியவர். 1974-ஆம் ஆண்டு கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில், 41 வயதில், 2 மணி 11 நிமிடம் 19 விநாடியில் மாரத்தானை முடித்து வெள்ளிப் பதக்கம் பெற்றார். போட்டியில் ஓடிய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு நாள் வீதம் கடும் பயிற்சியையும் போட்டியையும் தவிர்க்க வேண்டும் என்ற கணக்கு அவர் பெயரால் வழங்குகிறது. இதன்படி 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 6 நாள், அரை மாரத்தானுக்கு 13 நாள், மாரத்தானுக்கு 26 நாள் தேவை. இது ஆய்வில் பிறந்த விதியன்று, அனுபவக் கணக்கு. ஆயினும் பின்னாளைய ஆய்வுகள் காட்டிய திசையிலேயே இதுவும் செல்கிறது.

இக்கணக்குக்கு விலக்கானவர் ஜப்பானின் யூகி கவாவுச்சி. 2013 டிசம்பர் 1 அன்று ஃபுகுவோகா மாரத்தானை 2 மணி 9 நிமிடம் 5 விநாடியில் முடித்தார். 14 நாள் கழித்து ஹோஃபு மாரத்தானை 2 மணி 9 நிமிடம் 15 விநாடியில் முடித்தார். வேறுபாடு 10 விநாடி மட்டுமே. அப்போது அவர் பள்ளி ஒன்றில் அலுவலகப் பணியாளர். வேலைக்கிடையே நாளுக்கு ஒரு முறைதான் பயிற்சி செய்ய முடிந்தது. அந்தப் பயிற்சியிலும் பெரும்பகுதி மெதுவான ஓட்டம். கடும் பயிற்சிக்குப் பதிலாகவே அவர் போட்டிகளை ஓடினார். பல ஆண்டு ஓட்டத்தில் பழகிய உடலுக்குப் பொருந்தியது, முதல் மாரத்தானை முடித்தவருக்குப் பொருந்தாது.

புதுக்கோட்டையின் இரட்டை வெற்றிகள்

தமிழ்நாட்டிலும் அடுத்தடுத்து ஓடி வென்றவர்கள் உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. இலட்சுமணன் 2017-ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஜூலை 6 அன்று 5,000 மீட்டரிலும் ஜூலை 9 அன்று 10,000 மீட்டரிலும் தங்கம் வென்றார். அதே மாவட்டத்தின் லோ. சூர்யா 2016-இல் குவகாத்தி தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் இவ்விரு பிரிவுகளிலும் தங்கம் வென்றார்.

இலட்சுமணன் 5,000 மீட்டரை முடித்த நேரம் 14 நிமிடம் 54 விநாடி. அதே ஆண்டில் இலண்டன் உலகப் போட்டியில் அவர் ஓடியது 13 நிமிடம் 35 விநாடி. புவனேசுவரத்தின் ஜூலைப் புழுக்கத்தில் பதக்கமே இலக்கு, நேரம் இலக்கன்று. வெல்வதற்குத் தேவையான அளவு மட்டும் ஓடினால் மூன்றாம் நாளுக்கு வலிமை மிச்சமிருக்கும். இங்கும் குறைந்த தொலைவு முதலில், கூடிய தொலைவு பின்னர் என்ற வரிசையே அமைந்தது.

சென்னையின் ஜனவரி

சென்னையில் வெயில் தணிந்திருக்கும் மாதங்கள் மிகச் சில. ஜனவரி அதிகாலையில் வெப்பம் 21 டிகிரி செல்சியசை ஒட்டியிருக்கும். வடகிழக்குப் பருவமழையும் ஓய்ந்துவிடும். முன்பு டிசம்பரில் நடந்த சென்னை மாரத்தான் பின்னர் ஜனவரித் தொடக்கத்துக்கு நகர்ந்தது. 2004-இல் தொடங்கிய மும்பை மாரத்தான் பெரும்பாலும் ஜனவரி மூன்றாம் ஞாயிறன்று நடைபெறுகிறது. புதுச்சேரியை அடுத்த ஆரோவில் மாரத்தான் பிப்ரவரியில் வருகிறது. தட்பவெப்பம் ஓட்டங்களை ஒரே காலத்தில் நெருக்கிவிட்டது.

2023-இல் சென்னை ஓட்டம் ஜனவரி 8, மும்பை ஓட்டம் ஜனவரி 15: இடைவெளி 7 நாள். 2024-இல் ஜனவரி 6, 21: இடைவெளி 15 நாள். 2025-இல் ஜனவரி 5, 19: இடைவெளி 14 நாள். ஃபாஸ்டரின் கணக்கில் மாரத்தானுக்கு 26 நாள் வேண்டும். ஆகவே இரண்டையும் முழு வேகத்தில் ஓட இடமில்லை. ஆனால் சென்னையில் அரை மாரத்தான் ஓடினால் 13 நாள் போதும். சென்னை மாரத்தானில் 20 மைல், அதாவது 32.186 கிலோமீட்டர் பிரிவும் உண்டு. மும்பைக்குச் செல்பவர்கள் இதைப் போட்டியாக ஓடாமல், கடைசி நீண்ட பயிற்சி ஓட்டமாக மெதுவாக ஓடலாம்.

பதினான்கு நாள்கள்

பயிற்சியின் பலன் உடலில் தெரிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். எனவே 14 நாள் இடைவெளியில் செய்யும் கடும் பயிற்சி அடுத்த போட்டிக்கு உதவாது. களைப்பை மட்டும் கூட்டும். முதல் ஓட்டத்தை முழு முயற்சியுடன் ஓடியவர்கள் பின்வருமாறு திட்டமிடலாம்.

முதல் மூன்று நாள்: ஓட்டம் வேண்டாம். நடை போதும். மாவுச்சத்தும் புரதமும் உள்ள உணவு, நல்ல உறக்கம். வலி நீக்கும் ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள், நீர்ச்சத்து குறைந்த உடலில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும்.

நான்காம் நாள் முதல் ஏழாம் நாள் வரை: படியில் வலியின்றி இறங்க முடிந்தால், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 20 முதல் 40 நிமிடம். வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை போன்ற நீண்ட சாலைகளைவிட, எந்த இடத்திலும் நிறுத்தி வீடு திரும்பக்கூடிய தெருக்களே நல்லது.

இரண்டாம் வாரம்: மூன்று அல்லது நான்கு சிறிய ஓட்டங்கள். ஒன்றில் மட்டும் சில நிமிடம் போட்டி வேகம். கடைசி இரண்டு நாள் ஓய்வு.

போகியும் பொங்கலும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வருகின்றன. போகியன்று அதிகாலையில் புறநகர்த் தெருக்களில் புகை சூழ்ந்திருக்கும். நெடிய ஓட்டத்துக்குப் பிந்தைய இரண்டு வாரங்களில் தொண்டை, மூச்சுக்குழல் தொற்று கூடுவதாகத் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் நடந்த ஆய்வு ஒன்று 1983-இல் தெரிவித்தது. பின்வந்தவர்கள் இதை விவாதித்தாலும், அந்த ஒரு காலையில் ஓடாமலிருப்பதால் இழப்பு எதுவும் இல்லை.

காலையில் எழுந்தவுடன் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடத் தொடர்ந்து கூடியிருந்தாலோ, ஓர் இடத்தில் மட்டும் கூர்மையான வலி இருந்தாலோ இரண்டாவது போட்டியைக் கைவிடுவதே சரி. சிறுநீர் அடர்பழுப்பு நிறத்தில் போனால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் புரதம் சிறுநீரகத்தை அடைத்திருக்கலாம்.

முடிவுரை

சாட்டோபெக், இலட்சுமணன், கவாவுச்சி ஆகிய மூவரின் வெற்றிகளும் இடைப்பட்ட நாள்களில் கூடுதலாக உழைத்ததால் வந்தவையல்ல. பல ஆண்டுப் பயிற்சி முன்பே முடிந்திருந்தது. இடைவெளி குறுகியதாக இருக்கும்போது இரண்டில் ஒன்றையே முழு வேகத்தில் ஓட இயலும். எதை என்று முதல் போட்டிக்குப் பதிவு செய்யும்போதே முடிவு செய்துகொள்பவருக்கு, இடைப்பட்ட நாள்கள் குழப்பம் தருவதில்லை.