நேற்றைய கட்டடங்களும் நாளைய மரபும்

அநுராதபுரத்துத் தூபிகளையும் பொலனறுவைச் சிவாலயங்களையும் பேணிக் காத்தல் வேண்டும் என்பதை மறுப்பார் இன்று எவருமிலர். ஆயிரம் ஆண்டுப் பழமையே அவற்றுக்கு அரணாகி நிற்கின்றது. ஆனால், நம் தந்தையர் காலத்தில் எழுந்த ஒரு வீட்டையோ, நூலகத்தையோ, கண்காட்சி மண்டபத்தையோ காக்கவேண்டும் என்றால், “நேற்றுக் கட்டியதுதானே!” என்பதே பலரின் விடையாகின்றது. ஒரு கட்டடத்தின் பெருமையை அதன் வயதைக் கொண்டு மட்டும் அளத்தல் பொருந்துமா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

1940 இல் இலங்கையில் இயற்றப்பட்ட தொல்பொருட் சட்டம் பழமையையே முதன்மையான அளவுகோலாகக் கொண்டது. அக்காலத்துக்கு அது பொருத்தமானதே. காடு மூடிக் கிடந்த பண்டை நகரங்களைக் காப்பதே அன்றைய கவலை. ஆயினும் உலக அறிஞரின் கருத்து பின்னர் மெல்ல விரிந்தது. நியூயோர்க் நகரில் 1910 இல் திறக்கப்பட்ட மாபெரும் பென்சில்வேனியாப் புகைவண்டி நிலையத்தை 1963 இல் இடிக்கத் தொடங்கினர். அவ்விழப்பு எழுப்பிய வருத்தம், 1965 இல் அந்நகரின் சிறப்புக் கட்டடங்களைக் காக்கும் சட்டமொன்று பிறக்கத் துணைசெய்தது. 1960 இல் பிரேசில் நாட்டின் தலைநகராகிய பிரசீலியா, 27 ஆண்டுகளே கழிந்த நிலையில், 1987 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அடுத்த ஆண்டிலே, நவீன கட்டடங்களை ஆவணப்படுத்திப் பேணுவதற்கென ஒல்லாந்து நாட்டில் தொடங்கிய டொக்கொமோமோ என்னும் அமைப்பு, பின்னர்ப் பல நாடுகளிலும் கிளைவிட்டது.

வயதுக்கும் மதிப்புக்கும் உள்ள தொடர்பை உணர நாம் கடல் கடந்து செல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பொது நூலகக் கட்டடம் 1959 இல் திறக்கப்பட்டது. சென்னையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் நரசிம்மன் அதனைத் திராவிடக் கலைச்சாயல் துலங்க வரைந்தார். நூலகவியல் மேதை இரங்கநாதன் ஆலோசனை நல்கினார். 1981 ஆம் ஆண்டில், மே மாதம் முடிந்து ஜூன் பிறந்த இரவிலே, அது தீக்கிரையாகியபோது அக்கட்டடத்துக்கு வயது இருபத்திரண்டே. எரிந்த நூல்கள் ஏறத்தாழ 97,000 என்பர். நூல்களுக்காக அழுத மக்கள் அந்த வெண்ணிறக் கட்டடத்துக்காகவும் அழுதனர். இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு கட்டடம் ஒரு சமுதாயத்தின் நெஞ்சிலே கோயிலுக்கு நிகரான இடத்தைப் பெறக்கூடும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை. எரிந்த சுவர்களை நினைவுச் சின்னமாக விட்டுவைப்பதா, பழைய தோற்றத்திலேயே மீள எழுப்புவதா என்ற வினா பின்னர் எழுந்தது. ஈற்றில் பழைய வடிவமே மீண்டும் எழுந்தது. தீயின் வடு மறைந்தது. ஆனால் நகரத்துக்கு அதன் முகம் திரும்பக் கிடைத்தது. பேணுதல் என்பது எளிய கலையன்று என்பதும் இதனால் விளங்கும்.

இனிக் கொழும்புக்கு வருவோம். 1960 ஆம் ஆண்டில், முன்னாள் பொலிஸ் மா அதிபர் ஒஸ்மண்ட் டி சில்வாவும், பின்னாளில் பத்திக் கலையிற் புகழ்பெற்ற அவர் மனைவியார் ஈனா டி சில்வாவும், அல்பிரட் பிளேஸ் என்னும் வீதியில் தமக்கொரு வீடு அமைத்துத் தருமாறு ஜெவ்றி பாவாவை நாடினர். பாவா முதலில் வழக்கறிஞராயிருந்து, பின்னர் இலண்டனிற் கட்டடக் கலை பயின்று 1957 இல் தேர்ச்சி பெற்றவர். அந்நிய நாணயத் தட்டுப்பாட்டினால் கண்ணாடியும் உருக்கும் அருமையாயிருந்த காலம் அது. எனவே உள்ளூர் ஓடும் மரமும் கல்லும் கொண்டே வீடு எழுந்தது. வீதிப்பக்கம் மதிலால் அடைபட்டு, உள்ளே நடுமுற்றத்தை நோக்கி அறைகளும் திண்ணைகளும் திறந்திருந்தன. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டில் வாழ்ந்தவர்க்கு இவ்வமைப்பு புதிதன்று; சிங்களப் பிரபுக்களின் வளவுகளிலும் அதுவே காணப்பட்டது. பழைய முற்றத்து வீட்டை நெருக்கமான நகரக் காணிக்கு ஏற்பப் புதிதாக்கியதே பாவாவின் திறன். 1962 இல் நிறைவெய்திய அவ்வீடு, பின்வந்த கட்டடக் கலைஞர் பலருக்குப் பாடநூலாயிற்று.

அரை நூற்றாண்டு செல்வதற்குள் அக்காணியின் விலை வீட்டின் விலையை விழுங்கிவிட்டது. 2009 இல் காணி கைமாற நேர்ந்தது. வீட்டை இடிக்கவிடாது, பாவாவின் பெயரால் இயங்கும் நம்பிக்கைப் பொறுப்பினர் அதன் பகுதிகளை அளந்து, குறித்து, பிரித்தெடுத்து, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள அவருடைய லுணுகங்கைத் தோட்டத்துக்குக் கொண்டுசென்று மீளப் பொருத்தினர். 2016 இல் அது பார்வையாளர்க்குத் திறக்கப்பட்டது. நகரத்தின் இரைச்சலுக்கு மதிலெழுப்பி நின்ற வீடு இன்று தோட்டத்தின் அமைதியில் நிற்கின்றது. வீடு பிழைத்தது, அதற்குப் பொருள் தந்த வீதி பிழைக்கவில்லை. எனினும் முற்றும் இழப்பதினும் இது நன்றென்றே கூறவேண்டும்.

டெல்லி மாநகரில் நேர்ந்ததை இதனோடு ஒப்பிடலாம். இந்தியா விடுதலை பெற்று இருபத்தைந்து ஆண்டு நிறைந்த 1972 இல், பிரகதி மைதானத்தில் தேசங்களின் மண்டபம் எழுந்தது. அதன் கட்டடக் கலைஞர் ராஜ் ரேவல். பொறியியலாளர் மகேந்திர ராஜ். பிற நாடுகளில் உருக்கினால் அமைக்கப்பெறும் முக்கோணச் சட்டக வலையை, உருக்கு அரிதாயிருந்தமையால், கொங்கிறீற்றினாலே தொழிலாளர் கைகளைக் கொண்டு அமைத்தனர். அறுபது ஆண்டு நிரம்பாத கட்டடம் மரபுரிமைப் பட்டியலுக்கு உரியதன்று என்ற காரணங் காட்டி, அதற்குப் பாதுகாப்பு மறுக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் ஓரிரவில் அதனை இடித்துத் தள்ளினர். கொழும்பு வீடும் டெல்லி மண்டபமும் தட்டுப்பாட்டின் பிள்ளைகள். புதிதாக விடுதலை பெற்ற நாடுகள் தம் கையிலிருந்ததைக் கொண்டே தலைநிமிர்ந்த வரலாற்றின் சாட்சிகள். ஒரு சாட்சி இடம்பெயர்ந்தது, மற்றொன்று மடிந்தது.

இடிப்போரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. கொங்கிறீற்றும் மூப்படையும் பொருளே. காற்றிலுள்ள கரியமிலவாயு ஆண்டுதோறும் சிறிது சிறிதாக உட்புகுந்து, சீமெந்து தன்னுள்ளிருக்கும் கம்பிக்குத் தரும் காப்பை அழிக்கின்றது. பின்னர் ஈரம் சேரக் கம்பி துருவேறிப் பருக்க, மேற்பூச்சு வெடித்து உதிர்கின்றது. கடற்காற்றின் உப்பு இக்கேட்டை விரைவாக்கும். ஓடு உடைந்தால் ஒரு பிற்பகலில் மாற்றலாம். துருவேறிய கம்பியைச் செப்பஞ்செய்யத் தேர்ந்த பொறியியலாளரும் பெரும்பொருளும் வேண்டும். மேலும், கட்டடம் ஒருவரின் உடைமையாயிருக்க, அதன் பெருமை ஊரனைவர்க்கும் உரியதாகின்றது. பெருமையைப் பகிர்ந்துகொள்ளும் ஊர், செலவைப் பகிர்ந்துகொள்ள முன்வராத வரையில், காணிச் சொந்தக்காரரை மட்டும் நோவது நீதியாகாது.

எல்லாக் கட்டடங்களையும் காத்தல் இயலாது; காக்கவேண்டியதுமில்லை. எனினும் எதனைக் காப்பது என்று தெரிவதற்கு, எவை உள்ளன என்று முதலில் அறிதல் வேண்டும். கண்டியிலே 1940 களின் இறுதியிலிருந்து, தும்பறைப் பாய் நெசவையும் நாட்டுக் கைவினைகளையும் புதிய கட்டடங்களோடு இணைத்த மினெற் டி சில்வா அம்மையாரின் ஆக்கங்களிற் பல, எவரும் பொருட்படுத்தாமையாலேயே சிதைந்தும் உருமாறியும் போயின. ஒவ்வோர் ஊரிலும் சென்ற நூற்றாண்டிற் கட்டப்பட்ட பள்ளிக்கூடங்கள், சந்தைகள், புகைவண்டி நிலையங்கள், படமாளிகைகள் ஆகியவற்றைப் பட்டியலிடலாம், பழைய வரைபடங்களைத் தேடித் தொகுக்கலாம், ஒளிப்படம் எடுக்கலாம், கட்டியவர்களின் நினைவுகளை எழுதிவைக்கலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை; ஊக்கமுள்ள மாணவரும் வழிகாட்டும் ஆசிரியரும் போதும். அனைத்தினும் மேலாக, நல்ல கட்டடத்தைப் பயன்பாட்டிலே வைத்திருத்தல் வேண்டும். ஆள் நடமாடும் வீட்டில் ஒழுக்கு உடனே கண்ணிற்படும். பூட்டிய வீட்டில் அது சுவரைத் தின்றபின்பே தெரியவரும்.

பொலனறுவைச் சிவாலயமும் ஒரு காலத்தில் புதுக் கட்டடமே. அதனை எழுப்பிய தலைமுறைக்கு அது பழம்பொருளன்று. இடைப்பட்ட நூற்றாண்டுகளை அது தாண்டி வந்தமையாலேதான் இன்று நாம் அதனைக் கண்டு வியக்கின்றோம். நம் காலத்துக் கட்டடங்களும் அவ்வாறு தாண்டிச் செல்லவேண்டுமாயின், அவை இளமையாயிருக்கும்போதே காவல் தொடங்குதல் வேண்டும்.