பயன்பாட்டுச் சோதனை அறிக்கை

மேசைக் கணினிகளுக்கென இயற்றப்பட்ட மென்பொருளைச் சாதாரண மனிதர் சிலரிடம் கொடுத்து, கடிதம் ஒன்றை அச்சிடுதல், கோப்பு ஒன்றைத் தேடி எடுத்தல் போன்ற காரியங்களைப் பிறர் உதவியின்றிச் செய்யச் சொல்லி, அவர்கள் எங்கே தயங்குகிறார்கள், எங்கே வழி தவறுகிறார்கள் என்று அருகிருந்து கவனிப்பது பயன்பாட்டுச் சோதனை. அவ்வாறு கண்டவற்றை அம்மென்பொருளின் நிரலாளர்களுக்கு எடுத்துரைப்பது அதன் அறிக்கை.

சோதனையைக் காட்டிலும் அறிக்கையே கடினமானது. நிரலாளர் தம் படைப்பில் அபிமானம் உடையவராதலால், ‘இந்தத் திரை குழப்பமாக இருக்கிறது’ என்று எழுதினால் அதைச் சோதனையாளரின் சொந்த அபிப்பிராயமாகவே கொண்டு விவாதத்தில் இறங்கிவிடுவார். இன்ன காரியத்தைச் செய்யப் புகுந்தவர் இன்ன பட்டியலைத் திறந்து, தேடியது கிட்டாமல் மூடி, மறுபடியும் அதையே திறந்தார் என்று, நடந்ததை நடந்தபடி, மென்பொருளின் பதிப்பு எண்ணோடு குறித்தால் மறுப்பதற்கு அதில் ஏதும் இராது. பரிகாரத்தை முந்திக்கொண்டு கூறுவதும் உசிதமன்று. பரிகாரத்தைப் பற்றிய தர்க்கத்தில் குறையே மறந்துபோகும். குறைகளைத் தரம் பிரிக்கப் பயன்பாட்டியல் வல்லுநர் ஜேக்கப் நீல்சன் வகுத்த, 0 முதல் 4 வரையிலான அளவுகோல் பரவலாக வழங்குகிறது. எத்தனை பேருக்கு நேர்கிறது, நேர்ந்தால் மீள்வது எவ்வளவு சிரமம், ஒருமுறை அறிந்தபின்னும் தொல்லை தொடருமா என்பவற்றைக் கொண்டு அதில் எண் இடுவர்.

1983இல் வெளிவந்த ஆப்பிள் லிசா கணினி உருவாகிக்கொண்டிருந்தபோது நடந்த சோதனையில், ‘டூ இட்’ (Do It) என்று பொறித்த பொத்தானை ஒருவர் மூடனைக் குறிக்கும் ‘டோல்ட்’ (dolt) என்ற ஆங்கிலச் சொல்லாகப் படித்து, கணினி தம்மை ஏன் ஏசுகிறது என்று மனம் நொந்தார். எழுதியவர்கள் எத்தனை முறை உற்று நோக்கியிருந்தாலும் அது அவர்கள் கண்ணில் பட்டிராது. பொத்தான் ‘ஓகே’ ஆயிற்று.

நிரலாளர் பல தேசங்களில் சிதறியிருக்கும்போது அறிக்கையின் பொறுப்பு பெருகுகிறது. தன்னார்வலர் பலர் கூடி இயற்றிய க்னோம் மேசைத்தளத்தைத் தன் சொலாரிஸ் இயங்குதளத்துக்குக் கொள்ள விழைந்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், 2001இல் அதனைச் சோதித்து, முடிவுகளை யாவரும் படிக்க வெளியிட்டது. அதையடுத்து 2002இல் க்னோம் 2.0 பதிப்பும், இடைமுக அமைப்புக்கான வழிகாட்டி நெறிகளும் வெளிவந்தன. 2005இல் நாவெல் நிறுவனம் பெட்டர்டெஸ்க்டாப் என்ற திட்டத்தின் வாயிலாக, மக்கள் லினக்ஸ் மேசைத்தளங்களில் திணறும் காட்சிகளையே ஒளிப்பதிவாக வெளியிட்டது. பக்கம் பக்கமாக எழுதியும் இணங்காத நிரலாளரும், தம் மென்பொருளின் முன் ஒருவர் செய்வதறியாது அமர்ந்திருப்பதைக் கண்டால் வாதிடுவதில்லை.

இந்த உண்மையையே முறையாக்கியவர்கள் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சியாளர்கள். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ விளையாட்டின் பயிற்சிப் பகுதியைச் சோதித்தபோது, திருத்தும் அதிகாரம் உடையவர்களையும் உடன் இருத்தி, சில குறைகளை ஒருவரிடம் கண்டதுமே களைந்து, மாற்றிய பதிப்பை அடுத்தவரிடம் கொடுத்தனர். இதனை 2002இல் கட்டுரையாகவும் வெளியிட்டனர். நிரலாளர் உடனிருக்க வாய்ப்புள்ள இடங்களில் இதனினும் மேலான அறிக்கை வேறில்லை.