மைதானத்தில் நின்ற ஆசிரியர்: ரஹீம் ஸாஹிப்



அஸர் தொழுதுவிட்டு சந்தாங்கேணி மைதானத்துக்கும் கடற்கரை மணலுக்கும் பந்தோடு ஓடும் பிள்ளைகளை நாம் அன்றாடம் காண்கிறோம். கோல் அடித்தவனின் பெயர் ஊருக்கே தெரிகிறது. அவனைப் பழக்கிய ஸேரின் பெயர் சீக்கிரம் மறந்துபோகிறது. அப்படி நெடுங்காலம் மறக்கப்பட்ட ஓர் ஆசிரியரைப் பற்றி இன்று எழுதுகிறோம். அவர் நமதூர்க்காரர் அல்ல. இந்தியாவின் ஹைதராபாத்தைச் சேர்ந்த மர்ஹூம் ஸெய்யித் அப்துல் ரஹீம்.

1909இல் பிறந்தவர். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் அணிக்கும் ஆடினார். பின்னர் பாடசாலை ஆசிரியரானார். 1943இல் ஹைதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் செயலாளர் பொறுப்பை ஏற்றார். அவரிடம் பயின்ற ஹைதராபாத் நகரப் பொலிஸ் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து வருடமும் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது.

அவர் பழக்கிய விதத்தைப் பாருங்கள். பழக்கமில்லாத காலால் மட்டுமே ஆட வேண்டும் என்று ஒரு போட்டி வைப்பார். பந்தை இரண்டு தடவைக்கு மேல் தொடக்கூடாது என்று இன்னொரு போட்டி. பிள்ளைக்கு எது வரவில்லையோ அதையே பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது வகுப்பறையில் நாம் செய்யும் வேலைதானே! அதையே அவர் மைதானத்தில் செய்தார்.

1950இல் இந்திய அணி அவர் கைக்கு வந்தது. 1951 டில்லி ஆசிய விளையாட்டு விழாவில் ஈரானை 1-0 என வென்று தங்கம். மறு வருடம் ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 10-1 எனப் படுதோல்வி. இந்திய வீரர்கள் பலர் அன்று வெறுங்காலோடு ஆடினார்கள். அவர் துவளவில்லை. 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் அதே நாடு அவுஸ்திரேலியாவை 4-2 என வென்று அரையிறுதிக்குப் போய் நான்காம் இடம் பெற்றது.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு விழா. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல். அவரை ரஹீம் ஸாஹிப் முன்வரிசையில் ஆடவிட்டார். செப்டம்பர் 4 இறுதியாட்டத்தில் மீண்டும் அதே கொரியா. அரங்கம் முழுக்க இந்தியாவுக்கு எதிராகக் கூச்சல். பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு கோல் போட, 2-1 என வெற்றி.

அடுத்த வருடம் ஜூன் 11இல், 53ஆவது வயதில், புற்றுநோயால் அவர் வபாத்தானார். ஆசிய விளையாட்டு விழா உதைபந்தாட்டத்தில் அதன்பின் இந்தியா தங்கம் எடுக்கவேயில்லை. 2024இல் 'மைதான்' என்ற ஹிந்திப் படம் வந்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரியவந்தது. இடையில் 61 வருடங்கள்!

நமது பகுதியிலும் வெயிலில் விசிலோடு நின்று, சொந்தக் காசில் பந்து வாங்கிப் பிள்ளைகளை ஆளாக்கிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகப் படம் எடுக்க யாரும் வரப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களை வீடு தேடிப்போய் ஸலாம் சொல்வோம். அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்போம். பரீட்சை நெருங்கியதும் விளையாட்டுப் பாடவேளையைப் பறிக்கும் பழக்கத்தையும் விடுவோம்.

மண்ணறையில் இருக்கும் அத்தனை ஆசான்களுக்கும் அல்லாஹ் உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.